ஓடாநிலை வீரர் தீரன் சின்னமலை

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் கொங்கு நாட்டுச் சனங்களை வீட்டில் பார்க்க முடியாது. விடியுமுன்னே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பவானிக்கும் கொடுமுடிக்கும் புறப்பட்டுவிடுவார்கள். காவிரியில் புதுப்புனல் பார்த்து, கரையில் உட்கார்ந்து உண்டு, பொழுது சாயத் திரும்புவது இங்கே வழிவழி வந்த வழக்கம். அதே நாளில் இன்னும் இரண்டு இடங்களில் கூட்டம் கூடும். ஒன்று சங்ககிரி. மற்றொன்று அறச்சலூரை அடுத்த ஓடாநிலை. அங்கே போகிறவர்கள் ஆற்றைப் பார்க்கப் போவதில்லை. 1805ஆம் ஆண்டு அதே ஆடிப் பதினெட்டில் தூக்கிலிடப்பட்ட ஒரு மனிதரை நினைக்கப் போகிறார்கள்.

நம் பங்கின் விழா மலரில் சின்னமலைக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். புனிதர்களின் சரித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் நாம் உழுது விதைப்பதும், தறி நெய்வதும், கடைசியில் அடங்குவதும் இந்த மண்ணிலேதான். இம்மண்ணின் கதையும் நம் வீட்டுக் கதையே. மேலும் இக்கதையில் பெரிய வீரர் ஒருவர் மட்டும் இல்லை. ஒரு செருப்பும் ஓர் அடுப்பும் இருக்கின்றன. அவற்றுக்காகவே இதை எழுத எண்ணினேன்.

காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756 ஏப்ரல் 17 அன்று இரத்தினசாமி, பெரியாத்தா தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார் அவர். பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி. வசதியான வேளாண் குடும்பம். சிலம்பம், வாள், குதிரையேற்றம் ஆகியவற்றை இளமையிலேயே கற்றுத் தேர்ந்தார். அவரைத் தனியே பிரித்துப் பார்க்கவே முடியாதபடி உடன்பிறந்த பெரியதம்பியும் கிலேதாரும் கடைசிவரை அவரோடேயே இருந்தார்கள்.

அக்காலத்தில் கொங்கு நாடு மைசூருக்குக் கட்டுப்பட்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிக்கதேவராய உடையார் காலத்திலேயே இது நிலைபெற்றுவிட்டது. பிறகு ஐதர் அலி கையில் மைசூர் வந்தபோது வரியும் அவர் கைக்குப் போயிற்று. மழை பொய்த்தாலும் வரி பொய்க்காது என்பது வானம் பார்த்த பூமிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிணற்றடியில் கமலை இறைத்து, சோளமும் கம்பும் விளைவித்து, அதில் ஒரு பங்கைக் காசாக்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் காசு காவலோடு சங்ககிரிக்குப் போய், அங்கிருந்து மலையேறி மைசூருக்குப் போகும். போன காசு திரும்பி ஏரியாகவோ வாய்க்காலாகவோ வந்ததாக யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் கதை தொடங்குகிறது. ஐதரின் திவான் முகமது அலி வரிப்பணத்தோடு வரும் வழியில், வேட்டைக்குச் சென்றிருந்த தீர்த்தகிரியும் தோழர்களும் மறித்துப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டார்களாம். பறித்தவன் யாரென்று மன்னருக்குச் சொல்லட்டும் என்று திவான் கேட்டபோது, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல்லும்படி அனுப்பிவைத்தாராம். பணம் ஏழை எளியவர்களுக்குப் பங்கிடப்பட்டதாம். அன்றிலிருந்து தீர்த்தகிரி என்ற பெயர் மறைந்து சின்னமலை என்ற பெயர் நின்றது என்பார்கள்.

காங்கயம் பக்கம் போகிறவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். வடக்கே சென்னிமலை தெரியும். இந்தப் பக்கம் சிவன்மலை தெரியும். இரண்டுக்கும் நடுவில் வேறு மலை இல்லை. இல்லாத மலையின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்ட அந்தக் குறும்புதான் மக்களுக்குப் பிடித்துப்போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் அன்று நடந்தது வழிப்பறியேயாகும். அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. மைசூர் அரண்மனைக் கணக்கில் அவர் குற்றவாளி. ஊர்ச் சனங்களின் கணக்கோ வேறு. தம்மிடமிருந்து போன காசு தம்மிடமே வந்ததாக அவர்கள் எண்ணினார்கள். அரசு யாரைத் தேடுகிறதோ அவரை மக்கள் ஒளித்து வைப்பது உலகெங்கும் நடந்திருக்கிறது. ஆங்கிலேயர் தங்கள் ராபின் ஹுட்டைப் பாடுகிறார்கள். அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே அவர்களுக்கு உறுதியில்லை. சேலத்துப் பக்கம் காட்டில் வாழ்ந்த மம்பட்டியானின் கதை 1983இல் திரைப்படமாகி, கொட்டகை கொள்ளாத கூட்டத்தை இழுத்தது. ஆனால் சின்னமலையின் கதை ஒரு பறிமுதலோடு நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் இந்நேரம் அவர் பெயரும் மறந்திருக்கும்.

1782 டிசம்பரில் ஐதர் அலி மறைந்தார். மகன் திப்பு சுல்தான் பட்டத்துக்கு வந்தார். காலம் மாறிற்று, எதிரியும் மாறினான். கிழக்கிந்தியக் கும்பினியார் ஒவ்வொரு நாடாக விழுங்கி வந்தனர். 1792 உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் திண்டுக்கல்லும் கும்பினியார் வசமாயின. வீட்டு வாசலிலேயே பகைவன் வந்து நின்றபோது, தந்தைக்கு வரி மறுத்த சின்னமலை மகனுக்குத் துணை போனார். கொங்கு இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு மைசூருக்குச் சென்று, பிரெஞ்சுக்காரரிடம் புதிய போர்முறை பயின்று, 1799 மார்ச்சில் மழவல்லியிலும் பின்பு சீரங்கப்பட்டணத்திலும் அவர் போரிட்டதாகக் கொங்கு வரலாற்று மரபு கூறுகிறது. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு களத்திலேயே மடிந்தார்.

இந்த இடத்தில் கத்தோலிக்கர்களாகிய நமக்குச் சற்றே சங்கடம் உண்டு; அதை மறைப்பதில் பயனில்லை. திப்புவின் பெயர் நம் மூதாதையர் நினைவில் வேறுவிதமாகப் பதிந்திருக்கிறது. 1784இல் மங்களூர்ப் பகுதிக் கிறிஸ்தவர்களை ஆயிரக்கணக்கில் சிறைப்பிடித்துச் சீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றார் அவர். வழியிலும் சிறையிலும் மாண்டவர் ஏராளம். அவர் இறந்த பிறகே, சிதறிக் கிடந்த மைசூர்க் கிறிஸ்தவர்களைத் திரும்பக் கூட்டிச் சேர்க்க துபுவா சுவாமியார் அங்கே சென்றார். அதே திப்புவோடு தோள் நின்றவர் சின்னமலை. ஒரே மன்னர் ஒரு கூட்டத்தாருக்குத் துணைவராகவும் மற்றொரு கூட்டத்தாருக்குத் துன்பமாகவும் இருந்திருக்கிறார். இரண்டும் நடந்தவையே. ஒன்றைச் சொல்ல மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.

திப்பு வீழ்ந்ததும் கோயமுத்தூர்ச் சீமை முழுவதும் கும்பினியார் கைக்கு வந்தது. சின்னமலை ஊர் திரும்பினார். பணிந்து கப்பம் கட்டியிருந்தால் பாளையக்காரராகச் செல்வத்தோடு வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு வாழ்ந்தவர்கள் பலர். அவர்களைக் குறைசொல்வதும் எளிதன்று, பிள்ளைகுட்டிக்காரர்கள். சின்னமலையோ அறச்சலூர் அருகே ஓடாநிலையில் கோட்டை கட்டி, ஆயுதம் வடித்து, ஆள் சேர்த்தார். அவரைச் சுற்றி நின்றவர்களின் பெயர்களைக் கேட்டாலே அது எப்படிப்பட்ட படை என்று விளங்கும்: கருப்பசேர்வை, ஓமலூர் சேமலைப் படையாச்சி, முட்டுக்கட்டைப் பெருமாத்தேவன், ஃபத்தே முகம்மது உசேன், வேலப்பன், பொல்லான். சாதியும் மதமும் பலவாக இருந்தன. தலைவர் ஒருவராக இருந்தார்.

அவர் தனியே நின்று போரிட்டவரும் அல்லர். தெற்கே கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டிருந்தார்கள். அதன் பிறகும் சிவகங்கையில் மருது சகோதரர்கள், விருப்பாட்சியில் கோபால் நாயக்கர், வடக்கே துந்தியாவாக், மலையாளத்தில் பழசிராஜா என்று பலரும் ஒருவருக்கொருவர் தூதனுப்பி ஒரே நேரத்தில் எழ முயன்றனர். கொங்கில் முன்னின்றவர்களுள் சின்னமலையும் ஒருவர்.

அந்த முயற்சியின் பெரிய நாள் நம் கோயமுத்தூரிலேயே குறிக்கப்பட்டது. 1800 ஜூன் 3. முகரம் நாள். கோயமுத்தூர்க் கோட்டையில் கும்பினியாரின் குதிரைப்படை தங்கியிருந்தது. அங்கே இருந்த முஸ்லிம் வீரர்களில் பலர் உள்ளிருந்து உதவுவதாகவும், வெளியிலிருந்து கிளர்ச்சிப் படை பாய்வதாகவும் திட்டம். திட்டம் முன்னதாகவே வெளிப்பட்டு விட்டது. கும்பினியார் விழித்துக்கொண்டனர். பிடிபட்டவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கோவை முதலிய இடங்களில் தூக்கிலிடப்பட்டனர். இன்று கோட்டைமேடு வழியாகக் கடைவீதிக்குப் போகிற நமக்கு, அங்கே ஒரு கோட்டை இருந்ததே பெயரளவில்தான் தெரியும். அந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று துந்தியாவாக் போரில் கொல்லப்பட்டார். 1801இல் கோபால் நாயக்கரையும் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்டார்கள். கூட்டணியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சின்னமலை மட்டும் இந்தப் பக்கத்தில் இன்னும் நான்கு ஆண்டு நின்றார். 1801இல் காவிரிக்கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அறச்சலூரிலும் கும்பினிப் படையை அவர் எதிர்த்ததாகவும், மூன்றிலும் அவர்களைப் பின்வாங்கச் செய்ததாகவும் கொங்கு மக்கள் சொல்லி வருகிறார்கள். கர்னல் மாக்ஸ்வெல் என்ற பெயர் இக்கதைகளில் திரும்பத் திரும்ப வரும். அறச்சலூரில் போர் நடந்ததாகச் சொல்லும் அந்த 1804இல்தான் கும்பினியார் கோயமுத்தூரைத் தனி மாவட்டமாக்கினர். ஒரு பக்கம் கச்சேரியும் கலெக்டரும் வந்துகொண்டிருக்க, மறுபக்கம் ஒருவர் அவர்களை ஏற்க மறுத்து நின்றிருக்கிறார்.

கடைசியில் கும்பினியார் பீரங்கிகளோடு ஓடாநிலையைச் சூழ்ந்தனர். இனி வருவது செருப்பின் கதை.

வேலப்பன் கும்பினியாரின் பாசறைக்குள்ளேயே இருந்தவர். அவர்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, அவர்களுடைய ஏற்பாடுகளைச் சின்னமலைக்குத் தெரிவித்து வந்தார். பீரங்கிப் படை வருவது தெரிந்ததும் அதை எழுதியனுப்ப வேண்டும். வழியெல்லாம் சோதனை. ஓலையைச் செருப்பின் தோலுக்கு நடுவில் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். செருப்பைத் தொட்டுப் பார்க்கும் சிப்பாய் யார்? அதனைத் தைத்தவரும் சுமந்தவரும் பொல்லான் என்று அருந்ததியர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். தாழ்ந்த தொழிலென்று ஊர் ஒதுக்கிய தொழிலே அன்று ஊரைக் காக்கும் வழியாயிற்று. எவர் தொட்டால் தீட்டு என்றார்களோ, அவர் தைத்துக் கொடுத்ததைச் சின்னமலை கையில் வாங்கிப் பிரித்தார்.

செய்தி கிடைத்தது. கோட்டையிலிருந்தவர்கள் இரவோடிரவாக வெளியேறினர். பொழுது விடிந்து பீரங்கிகள் முழங்கியபோது உள்ளே எவருமில்லை. வெறுங்கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். இடிபாட்டில் கிடந்த ஒரு பழஞ்செருப்பும் அதிலிருந்த ஓலையும் அவர்கள் கையில் அகப்பட்டனவாம். வேலப்பனைச் சுட்டுக் கொன்றார்கள் என்பது ஒரு வழக்கு. பொல்லானை நல்லமங்காபாளையத்தில் சுட்டுக் கொன்றார்கள் என்பது இன்னொரு வழக்கு. எழுதியவருக்கும் சுமந்தவருக்கும் ஒரே கூலி கிடைத்தது.

ஓடாநிலை என்ற பெயருக்கே பின்வாங்கி ஓடாத இடம் என்று பொருள் சொல்வார்கள். அந்த ஓடாநிலையை விட்டு அவர் இரவில் வெளியேறினார். இதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. ஆனால் உள்ளே இருந்து எல்லாரையும் சாகவிட்டிருந்தால் அது வீரமாகாது என்பதை இந்தச் சனங்கள் புரிந்துகொண்டார்கள். பெயரையும் மாற்றவில்லை, கதையையும் மாற்றவில்லை.

சின்னமலையும் தம்பியரும் கருப்பசேர்வையும் பழனிப் பக்கத்துக் கருமலைக்குச் சென்று, அங்கே மறைந்து வாழ்ந்தனர். அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவன் நல்லப்பன். போர்க்களத்தில் பிடிக்க முடியாதவரை அடுப்பங்கரை வழியாகப் பிடிக்கலாம் என்று கும்பினியார் கண்டுகொண்டனர். நல்லப்பனுக்குப் பணத்தாசை காட்டினார்கள். அவன் குறிப்புக் காட்டிய நேரத்தில், ஆயுதங்களை வைத்துவிட்டு இலை முன் அமர்ந்திருந்தவர்களைச் சிப்பாய்கள் வளைத்துக்கொண்டனர் என்பது கதை. ஒரே பந்தியில் இருந்தவனே காட்டிக் கொடுப்பது வேதாகமம் படித்த நமக்குப் புதிய செய்தியன்று. கொங்கு நாட்டில் நல்லப்பன் என்பது நல்ல பெயர்தான். ஆயினும் சின்னமலை கதை சொல்லும்போது கிழவிகள் அந்தப் பெயர் வரும் இடத்தில் சற்றே நிறுத்தி, வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தொடர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நல்லப்பனுக்கும் பொல்லானுக்கும் பெயர்ப் பொருத்தம் எப்படி மாறிவிட்டது பாருங்கள்! நல்லவன் என்று பெயர் வைத்தவன் காட்டிக் கொடுத்தான். பொல்லாதவன் என்று பெயர் வைத்தவர் காத்து நின்றார். கதைக்காகப் பின்னால் புனைந்த பெயர்களோ என்று ஐயுறத் தோன்றும். கொங்குக் கிராமங்களில் இரண்டுமே சர்வ சாதாரணமான பெயர்கள் என்பதால் அந்த ஐயத்தை நான் விட்டுவிட்டேன்.

பிடிபட்டவர்களைச் சங்ககிரிக்குக் கொண்டுவந்தார்கள். எந்தச் சங்ககிரிக்குப் போகிற வரிப்பணத்தை இளமையில் மறித்தாரோ, அதே சங்ககிரி. கும்பினியின் ஆட்சியை ஏற்றுப் பணிந்தால் உயிர் தருவதாகச் சொன்னதாகவும், சின்னமலை மறுத்ததாகவும் சொல்வர். 1805 ஜூலை 31 அன்று, மலைக்கோட்டையில், பெரியதம்பி, கிலேதார், கருப்பசேர்வை ஆகியோரோடு அவர் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு அப்போது வயது 49. கீழே காவிரியில் ஆடிப்பெருக்கு. ஊர் மக்கள் ஆற்றங்கரையில் இருக்கும் நாளாகப் பார்த்து இதைச் செய்தார்களா, தற்செயலாக நேர்ந்ததா என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று மலையாளத்தில் பழசிராஜாவும் வீழ்ந்தார்.

பின்னர் நெடுங்காலம் அவர் பெயர் ஏட்டில் இல்லை, வாயில் இருந்தது. திண்ணைகளிலும் கிணற்று மேடுகளிலும் வாழ்ந்தது. கல்வெட்டும் செப்பேடும் ஓலையும் தேடிக் கொங்கு வரலாற்றைத் தொகுத்த புலவர் செ. இராசு போன்றவர்களின் உழைப்பால் அது புத்தகத்துக்கு வந்தது. திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் பேருந்துக் கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருந்தது. 1997இல் தலைவர்கள் பெயரையெல்லாம் நீக்கியபோது அதுவும் போயிற்று. ஓடாநிலையில் அரசு மணிமண்டபம் எழுப்பியது. சென்னைக் கிண்டியிலும் அவருக்குச் சிலை உண்டு. நம்மவர்கள் சென்னைக்குத் திருயாத்திரை போகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சின்னமலை என்றால் புனித தோமையார் தங்கியிருந்த குன்று; அதற்கும் இவருக்கும் தொடர்பில்லை. ஆட்டோக்காரரிடம் சிலை என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் கோவிலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார், அதனாலும் நட்டமில்லை.

இன்று அவரைத் தங்கள் சாதிக்கே உரியவர் என்று கொடி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்த குலத்தார் பெருமைப்படுவது இயல்பே. ஆனால் அவர் தூக்குமேடையில் ஏறியபோது கருப்பசேர்வையும் கூட ஏறினார். அதற்கு முன்பே செருப்புக்குள் ஓலை வைத்தவர் தம் உயிரைக் கொடுத்திருந்தார். பொல்லானின் பெயர் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அவருடைய மக்களின் குடிசைகளைத் தாண்டி வெளியே வரவில்லை. ஈரோடு மாவட்டம் ஜெயராமபுரத்தில் அவருக்கும் மணிமண்டபம் அமைக்க அரசு முன்வந்தது அண்மைக் காலத்தில்தான். அதற்காக அம்மக்கள் பல ஆண்டுகள் மனுக்கொடுத்து நடந்தார்கள்.

2005 ஜூலை 31 அன்று, தூக்கிலிட்ட இருநூறாம் ஆண்டு நிறைவில், இந்திய அஞ்சல் துறை சின்னமலைக்குத் தபால் தலை வெளியிட்டது. இங்கிலீஷ் காலண்டர்படி அது சரியான நாள். நம் பஞ்சாங்கமோ நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல நகர்ந்து, ஆடிப் பதினெட்டு இப்போது ஆகஸ்டு 2இலோ 3இலோ வருகிறது. ஓடாநிலைக்கு மாலையோடு போகிறவர்கள் ஜூலை 31ஐப் பார்ப்பதில்லை. காவிரிக்குப் போகிற வண்டிகளோடு சேர்ந்து, ஆடிப் பதினெட்டு அன்று காலையிலேயே புறப்படுகிறார்கள்.